சிசிலியில் மழை நாளில் ஊர் மாறுவது எப்படி: சிராகூசாவிலிருந்து ரகூசா வரை காரில்

சிசிலித் தீவில் மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை பெய்கிறது. விடுதி வாடகை குறைவதும் நோத்தோவின் தெருக்களில் நெரிசலில்லாமல் நடக்க முடிவதும் அதே மாதங்களில்தான். அந்தக் காலத்தில் தீவுக்கு வருபவர்கள், ஒரு நாளாவது மழையில் ஊர் மாற வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஒரு நாளுக்கான வழிகாட்டி இது.

எடுத்துக்காட்டுக்குத் தீவின் தென்கிழக்கு மூலையை எடுத்துக்கொள்கிறேன். காலையில் சிராகூசாவில் புறப்பட்டு, நோத்தோ, மோதிகா வழியாகச் சென்று, இரவு ரகூசாவின் பழைய ஊரான இப்லாவில் தங்கும் பயணம். சாலைத் தூரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். வெயில் நாளில் இதோடு ஷிக்லியையும் மீனவக் கிராமமான மர்சமேமியையும் சேர்த்துக்கொள்ளலாம். மழை நாளில் அப்படிச் செய்யாதீர்கள். நாளைச் சுருக்குங்கள், இருட்டுவதற்கு முன் ஸ்டியரிங்கை விட்டு எழுந்துவிடுங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டையும் நடத்திக்காட்டுவதற்காகத்தான்.

முந்தைய நாள் மாலை

இத்தாலியில் வானிலை எச்சரிக்கையை வெளியிடுவது குடிமக்கள் பாதுகாப்புத் துறையான புரோத்தெட்சியோனே சிவிலே. சிசிலியை ஒன்பது மண்டலங்களாகப் பிரித்து, மறுநாளுக்கான நிலையை ஒவ்வொரு மண்டலத்துக்கும் நிறம் காட்டி அறிவிப்பார்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்கள். கைப்பேசியில் இருக்கும் பொதுவான வானிலைச் செயலியில் தெரியும் மேகப் படத்தைவிட இந்த நிறத்தை நம்புங்கள். மழையின் அளவோடு, அந்த மழையால் ஓடைகளும் சரிவுகளும் என்ன ஆகக்கூடும் என்பதையும் சேர்த்து எடைபோட்டே அந்த நிறத்தைத் தருகிறார்கள்.

என் கணக்கு இதுதான். மஞ்சள் என்றால் போகலாம், ஆனால் நிறுத்தங்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் பெரிய சாலையை மட்டும் பிடித்து, எங்கும் இறங்காமல் நேராகத் தங்குமிடத்துக்குப் போக வேண்டும். இன்னும் நல்லது, ஒரு நாள் தள்ளிப்போடுவது. சிவப்பு என்றால் வண்டியைத் தொடவே கூடாது. சிவப்பு நாளில் நகராட்சிகள் பள்ளிகளையும் பூங்காக்களையும் தொல்லியல் களங்களையும் மூடிவிடுவது வழக்கம். போய்ச் சேர்ந்தாலும் பார்ப்பதற்கு எதுவும் திறந்திருக்காது.

அடுத்து, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கவனிக்காத விஷயம் இது. வடமேற்குக் காற்று வீசினால் பலெர்மோ, செஃபாலு உள்ள வடகரைதான் நனையும். நடுவில் இருக்கும் மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் தென்கிழக்கு பல நேரம் வெறும் மேகத்தோடு தப்பிவிடும். தென்கிழக்கிலிருந்து சிரோக்கோ காற்று வந்தால் நிலைமை தலைகீழ். கோடை முழுதும் சூடேறிய கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கத்தானியாவிலும் சிராகூசாவிலும் கொட்டும். 2021 அக்டோபர் இறுதியில் கத்தானியாவின் பெரிய தெருவான வியா எத்னேயாவில் ஆறுபோல் வெள்ளம் ஓடியது நினைவிருக்கலாம். அதற்குச் சில நாள் கழித்து ‘அப்போல்லோ’ என்று பெயரிடப்பட்ட மத்தியதரைக் கடல் புயல் சிராகூசாப் பக்கம் வந்து அடித்தது. ஆகவே பயணத் தேதிகள் இறுக்கமாக இல்லாதவர்கள், காற்றைப் பார்த்துவிட்டு வடக்கு, தெற்கு வரிசையை மாற்றிக்கொள்ளலாம். இருக்கும் வழிகளிலேயே செலவில்லாத வழி அதுதான்.

மூன்றாவதாக, மறுநாள் தங்கப்போகும் விடுதிக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். மூன்று கேள்விகள் போதும்: எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது, வண்டியை எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்குள் வந்தால் சாவி கொடுக்க ஆள் இருக்கும். சிறிய விடுதிகள் பலவற்றில் உரிமையாளர் அங்கே குடியிருப்பதில்லை. சொன்ன நேரத்துக்கு வந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். சாலையைப் பற்றி அவர் சொல்வது எந்த வரைபடத்தையும்விடப் புதிய தகவலாக இருக்கும். பக்கத்து ஊர் வளைவில் மண் சரிந்திருப்பதை, தினமும் அந்த வழியாகப் பால் வாங்கப் போகிறவர்தான் முதலில் அறிவார்.

சிராகூசாவில் ஒர்த்தீஜாத் தீவின் கிழக்குக் கரையோரத்தில் வண்டியை நிறுத்தியிருந்தால், சிரோக்கோ எச்சரிக்கை வந்த மாலையே உள்பக்கமாக மாற்றிவிடுங்கள். அலை மதிலைத் தாண்டி விழும்போது கூழாங்கற்களும் சேர்ந்து விழும்.

வண்டியும் காகிதங்களும்

இந்திய, இலங்கை உரிமம் வைத்திருப்பவர்கள் அதோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கலாம், ஓராண்டு செல்லும். சில வாடகை நிறுவனங்கள் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடும். வழியில் காவலர் கேட்பார், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும்.

சிறிய வண்டியாக எடுங்கள். இந்தப் பகுதியின் ஊர்கள் எல்லாம் 1693 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பின் மலைச்சரிவுகளில் மறுபடி எழுந்தவை. அவற்றின் சந்துகள் குதிரை வண்டிக்கான அகலம் கொண்டவை. ஃபியட் பாண்டா அளவுள்ள கார் போதும்.

வண்டியை வாங்கும்போது உடம்பிலுள்ள கீறல்களைப் படம் எடுக்க எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் அதைவிட முக்கியமானது டயர். சட்டப்படி குறைந்தபட்சப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர். அந்த எல்லையில் நிற்கும் டயர் ஈரச் சாலையில் பிடிக்காது. நான்கில் ஒன்று தேய்ந்திருந்தாலும் வேறு வண்டி கேளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள். வைப்பரை ஓடவிட்டு, கண்ணாடியில் கோடு விழுகிறதா என்று பாருங்கள். கண்ணாடி கழுவும் நீர் நிரம்பியிருக்கிறதா, பின்கண்ணாடிச் சூடேற்றி வேலை செய்கிறதா, முக்கோண எச்சரிக்கைப் பலகையும் ஒளிரும் மேல்சட்டையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மேல்சட்டையை டிக்கியில் போடாமல் இருக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். சாலையோரம் நிற்க நேர்ந்தால் கதவைத் திறக்கும் முன்பே அதை அணிந்துகொள்ள வேண்டும்.

காப்பீட்டு ஒப்பந்தத்தில் டயரும் வண்டியின் அடிப்பகுதியும் பல நேரம் விலக்கப்பட்டிருக்கும். மழையில் அடிபடுவது அவை இரண்டும்தான். அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம்

இந்தியாவிலோ இலங்கையிலோ ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி. இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி போவது சாலையின் வலப்பக்கம். அது நினைவில் நிற்கும். நினைவில் நிற்காதது வைப்பர் கம்பு. நம் ஊரின் பெரும்பாலான வண்டிகளில் அது ஸ்டியரிங்கின் இடப்பக்கம் இருக்கும். இங்கே வலப்பக்கம். திடீரென்று பெருமழை கொட்டும்போது கை பழைய இடத்துக்குப் போய் இண்டிகேட்டரைப் போட்டுவிடும், கண்ணாடி மறைந்தே இருக்கும். நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து, பார்க்காமலே வைப்பரை வேகமாக்கவும் குறைக்கவும் பழகிக்கொள்ளுங்கள். முன்விளக்கு, பின்பக்க மூடுபனி விளக்கு ஆகியவற்றின் பொத்தான்கள் எங்கே என்றும் பார்த்துவையுங்கள்.

உள்ளே நான்கு பேர் ஈர உடையோடு ஏறினால் கண்ணாடிகள் நிமிடத்தில் பனித்துவிடும். துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். ஏசியைப் போட்டு, காற்றைச் சூடாக வைத்து, முன்கண்ணாடியை நோக்கித் திருப்புங்கள். ஏசி ஈரத்தை இழுக்கும், சூடு கண்ணாடியைக் காயவைக்கும். குளிர்காலத்தில் ஏசியா என்று தயங்க வேண்டாம்.

எரிபொருளை சிராகூசாவிலேயே நிரப்பிவிடுங்கள். உள்பகுதி பங்க்குகளில் மதிய வேளையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆள் இருப்பதில்லை. பணத்தாளோ அட்டையோ இட்டு நாமே நிரப்ப வேண்டிய இயந்திரம் மட்டும் இருக்கும். மழையில் நனைந்துகொண்டு இத்தாலிய மொழித் திரையோடு போராடுவதைவிட, காலையிலேயே முடித்துவிடலாம். பெட்ரோலுக்கு ‘பென்சீனா’, டீசலுக்கு ‘கசோலியோ’ என்று எழுதியிருக்கும். ஆள் நிரப்பித் தரும் குழாயில் விலை கூடுதல்.

நேரத்தை இப்படிப் பிரியுங்கள். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மேகம் இருந்தால் நாலரைக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். மதியம் ஒரு மணியிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி வரை கடைகள் மூடியிருக்கும், தேவாலயங்கள் பலவும் அப்படியே. ஆகவே பார்க்க வேண்டியதைப் பதினோரு மணியை ஒட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மணிக்கு உணவுக்கு உட்கார்ந்து, இரண்டரைக்குக் கடைசிக் கட்டச் சாலையில் இருந்தால், வெளிச்சத்திலேயே இப்லாவுக்குள் இறங்கிவிடலாம். இதற்காகக் காலை எட்டரைக்கு சிராகூசாவை விட்டுப் புறப்பட வேண்டும்.

புறப்படும் வேளையில் வானம் கொட்டிக்கொண்டிருந்தால், காத்திருங்கள். இந்தப் பகுதியின் கனமழை பெரும்பாலும் பட்டை பட்டையாக வரும். அரை மணி நேரம் வெளியே எதுவும் தெரியாது, அதன்பின் தூறலாகிவிடும். குடிமக்கள் பாதுகாப்புத் துறையின் ரேடார் படத்தில் மழைப் பட்டை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கலாம். ஒரு கப் காப்பிக்கு ஆகும் நேரம், அந்த நாளின் ஆபத்தில் பெரும்பகுதியை நீக்கிவிடும். வழியிலும் இதே முறைதான். பார்வை குறுகியதும் அடுத்த பங்க்கிலோ ஓய்விடத்திலோ ஒதுங்கிவிடுங்கள். சாலையோர ஒதுக்குப் பாதையில் மட்டும் நிற்காதீர்கள், பின்னால் வருபவருக்கும் கண் தெரியாது.

எந்தச் சாலை

சிராகூசாவிலிருந்து தெற்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவோலா, நோத்தோ, ரொசொலினியைத் தொட்டுச் செல்லும் இரட்டைப் பாதை நெடுஞ்சாலை. அதன் வழிகாட்டிப் பலகைகள் பச்சை நிறத்தில் இருக்கும். மற்றொன்று, எஸ்எஸ் 115 என்னும் பழைய தேசியச் சாலை. அதன் பலகைகள் நீலம். வெயில் நாளில் பழைய சாலையில் பாதாம் தோப்புகளையும் கடலையும் பார்த்துக்கொண்டு போகலாம். மழையில் பச்சைப் பலகையைப் பிடியுங்கள். எதிரே வரும் வண்டி நம் கண்ணாடியில் சேற்று நீரை வாரியிறைக்காது, வளைவுகள் குறைவு, வழிநெடுக ஊர்களுக்குள் நுழைந்து வெளியேற வேண்டியதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிய பின் மோதிகாவுக்கும் ரகூசாவுக்கும் எஸ்எஸ் 115 தான் துணை.

கைப்பேசி வரைபடம் இரண்டு நிமிடம் மிச்சம் என்று சொல்லி, எஸ்பி என்று தொடங்கும் மாகாணச் சாலைகளிலும் பெயரில்லாத தோட்டப் பாதைகளிலும் திருப்பிவிடப் பார்க்கும். மறுத்துவிடுங்கள். இப்லெயி மேட்டுநிலம் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. மழைநீர் அதில் ஆழமான பள்ளத்தாக்குகளை அறுத்திருக்கிறது. சின்னப் பாதைகள் அந்தப் பள்ளங்களின் அடிவரை இறங்கி ஏறும், இருபுறமும் சாந்து பூசாமல் அடுக்கிய கல்மதில்கள் இருக்கும். கனமழையில் மதில் கற்கள் பாதையில் உருண்டு கிடக்கும், திரும்புவதற்கு இடமும் இருக்காது.

தீவின் நடுப்பகுதியில் நிலைமை வேறு. அங்கே களிமண் குன்றுகள் அதிகம், ஈரம் ஏறினால் சரிவே நகரும். 2015 ஏப்ரலில் பலெர்மோ–கத்தானியா ஏ19 நெடுஞ்சாலையின் ஹிமேரா மேம்பாலத் தூண்களை ஒரு நிலச்சரிவு தள்ளி, தீவின் முதுகெலும்பான சாலையைத் துண்டித்தது. முறிந்த பக்கத்துக்குப் புதிய பாலம் 2020இல்தான் திறந்தது. ஆகவே தென்கிழக்கிலிருந்து உள்நாட்டுக்குத் திரும்புபவர்கள் ‘ஃப்ரானா’ என்ற சொல்லைப் பலகையில் கண்டால், அதன் பொருள் நிலச்சரிவு. ‘ஸ்த்ராதா கியூசா’ என்றால் சாலை அடைப்பு. தடுப்பு சற்று விலகியிருந்தாலும், உள்ளூர் வண்டி ஒன்று அதைச் சுற்றிக்கொண்டு போனாலும், நாம் போகக் கூடாது.

ஓட்டும்போது

மழையில் வேக வரம்பு சட்டப்படியே குறைகிறது. நெடுஞ்சாலையில் 130 என்பது 110 ஆகும், பிரதான இரட்டைப் பாதைச் சாலையில் 110 என்பது 90 ஆகும். இருவழிப் பாதையான எஸ்எஸ் 115இல் பொது வரம்பு 90 என்றாலும் பல இடங்களில் பலகை 70, 50 என்று காட்டும். ஈரத்தில் நான் 60க்கு மேல் போவதில்லை. ஊருக்கு வெளியே பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம். பின்பக்க மூடுபனி விளக்கை ஐம்பது மீட்டருக்கு அப்பால் தெரியாத அளவு மழை கொட்டும்போது போட்டு, குறைந்ததும் அணைத்துவிடுங்கள். அது பின்னால் வருபவரின் கண்ணைக் கூசவைக்கும்.

மெதுவாகப் போனால் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வருவார், விளக்கை மினுக்குவார். இங்கே விளக்கை மினுக்குவது வழிவிடுவதற்கான சைகை அல்ல. ‘நான் வருகிறேன், விலகு’ என்று பொருள். பதற வேண்டாம், வேகம் கூட்டவும் வேண்டாம். அகலமான இடம் வந்ததும் வலப்பக்கம் ஒதுங்கி, அவரைப் போகவிடுங்கள். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் இந்த வண்டியில் தம்மை அறியாமல் சாலையின் வலது விளிம்பை நோக்கி நகர்வார்கள். மழைநீர் தேங்குவதும், கல்மதில் நிற்பதும் அந்த விளிம்பில்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கவனிக்கச் சொல்லிவைக்கலாம்.

நீண்ட கோடைக்குப் பின் வரும் முதல் மழைகளில் சாலை மிகவும் வழுக்கும். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் ரப்பர்த் தூளும் நீரோடு குழையும். சிரோக்கோவோடு சகாராவின் மணல்தூசு வந்தால் மழையே செம்மண் நிறத்தில் விழும், கண்ணாடி சேறாகிவிடும். அப்போது வைப்பரை வெறுமனே ஓட்டாமல், நீரை நிறையப் பீச்சிவிட்டு ஓட்டுங்கள். கத்தானியாப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. எட்னா சீறிய நாட்களில் கரும் எரிமலைத் துகள் சாலையெங்கும் பரவிக் கிடக்கும். ஈரமானாலும் காய்ந்தாலும் அதன்மேல் பிரேக் பிடிக்காது. கண்ணாடியில் படிந்த துகளை வைப்பரால் துடைத்தால் கண்ணாடி நிரந்தரமாகக் கீறிப்போகும். முதலில் குப்பி நீரை ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

தேங்கிய நீரில் வேகமாக ஏறியதும் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டால், டயர் சாலையைத் தொடவில்லை என்று பொருள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள். ஓரிரு வினாடியில் பிடி திரும்பிவிடும்.

தண்ணீர் ஓடும் சாலை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதிதான் படிக்க நேரமுண்டு என்றால் இதைப் படியுங்கள்.

சிசிலியின் ஓடைகள் ஆண்டின் பெரும்பகுதி வெறும் கற்படுகைகள். அவற்றில் நீர் ஏறுவது நம் கண்ணெதிரில், நிமிடங்களில் நடக்கும். நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல், மேலே மலையில் பெய்த மழை கீழே வந்து சேரும். 2009 அக்டோபர் 1ஆம் தேதி மெசினாவுக்குத் தெற்கே ஜாம்பிலியேரியில் சேறு இறங்கி 37 பேரைக் கொண்டுபோனது. 2018 நவம்பரில் பலெர்மோவுக்குப் பக்கத்தில் கஸ்தெல்தாச்சாவில் ஆற்றோர வீடு ஒன்றில் கூடியிருந்த ஒன்பது பேர், நீர் உள்ளே புகுந்து இறந்தார்கள். 2020 ஜூலையில் பலெர்மோவின் வட்டச்சாலையில் சுரங்கப் பாதைகள் நிரம்பி, கார்கள் கூரை வரை மூழ்கின. அது நடந்தது கோடையில், வானம் தெளிவாக இருக்க வேண்டிய மாதத்தில். இன்று நாம் பார்க்கப்போகும் மோதிகாவின் கடைத்தெருவே ஆற்றின் மேல் மூடியிட்டுப் போட்டதுதான். 1902 செப்டம்பர் 26 அன்று அங்கே வெள்ளம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட பின் அந்த ஓடைகளை மூடினார்கள்.

ஆகவே சாலையின் குறுக்கே நீர் ஓடினால், எவ்வளவு ஆழமில்லாததுபோல் தெரிந்தாலும், இறங்காதீர்கள். ஓடும் நீர் ஓரடி ஆழம் இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும். கலங்கிய நீருக்கு அடியில் சாலை இருக்கிறதா என்பதும் தெரியாது. ரயில் பாதைக்கு அடியில் செல்லும் சுரங்க வழிகளில் நீர் தேங்கியிருந்தால் திரும்பிவிடுங்கள். இரவு வேறெங்காவது தங்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. கட்டிய அறை வாடகை போனால் போகட்டும். வண்டி நீரில் நின்றுவிட்டால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம். சீட் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலை உடனே இறக்கி, குழந்தைகளை முதலில் வெளியே அனுப்பி, உயரமான இடத்துக்குப் போய்விடுங்கள். பிறகு 112ஐ அழையுங்கள். காவல், தீயணைப்பு, மருத்துவம் அனைத்துக்கும் அந்த ஒரே எண்தான்.

நோத்தோவா, மோதிகாவா

இரண்டும் 2002இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த எட்டு பரோக் ஊர்களில் உள்ளவை. மழை நாளில் ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும் என்றால், நான் மோதிகாவைத் தேர்ந்தெடுப்பேன். நோத்தோவின் அழகு வெயிலில் தேன் நிறமாகும் அதன் கல்லில் இருக்கிறது. மழையில் அந்தக் கல் மங்கிவிடும், பெரிய தெருவில் ஒதுங்க இடமும் குறைவு. அங்கே இறங்கினால் பேராலயத்துக்குள் மட்டும் போய் வாருங்கள். 1990 நிலநடுக்கத்தில் பலவீனப்பட்ட அதன் குவிமாடம் 1996 மார்ச்சில் இடிந்து விழுந்தது. பழைய முறையிலேயே மறுபடி கட்டி, 2007இல் திறந்தார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த உழைப்பு புரியும்.

மோதிகாவில் மழைக்கு ஒதுங்கும் இடங்களே பார்க்க வேண்டிய இடங்களாகவும் இருக்கின்றன. கோர்சோ உம்பெர்த்தோ தெருவில் சாக்லேட் கடைகள் வரிசையாக உண்டு. 1880இலிருந்து நடக்கும் போனயூத்தோ அவற்றில் மூத்தது. இங்கே கொக்கோவைச் சர்க்கரை உருகாத அளவு இளஞ்சூட்டிலேயே கலக்குகிறார்கள், கடித்தால் சர்க்கரை நறநறக்கும். 2018இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே தெருவில் சாக்லேட் அருங்காட்சியகம் இருக்கிறது. 1959இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் சல்வத்தோரே குவாசிமோதோ பிறந்த வீடும் இந்த ஊரில்தான்.

மதிய உணவுக்கு ‘ஸ்காச்சா’ கேளுங்கள். மெல்லிய மாவை மடித்து மடித்து, நடுவில் தக்காளியும் காச்சோகவாலோ பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்டது. சூடாக, சைவமாக, காரில் வைத்தும் சாப்பிடலாம். கத்திரிக்காய் வைத்ததும் உண்டு. மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பிறைவடிவ ‘ம்பனதிக்கி’ பிஸ்கட் சாக்லேட் வாசனையோடு இருக்கும், ஆனால் அதன் பூரணத்தில் மாட்டிறைச்சி சேர்ப்பது இவ்வூர் மரபு. கடைக்காரர் மாதிரிக்கு நீட்டினால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மஞ்சள் எச்சரிக்கை உள்ள நாளிலும் அந்தக் கடைத்தெருவில் வண்டியை நீண்ட நேரம் விட்டுவைக்காதீர்கள், ஊரின் தாழ்ந்த பகுதி அதுதான்.

இப்லாவுக்குள் இறங்குவது

ரகூசா இரண்டு ஊர்களாக இருக்கிறது. மேலே புதிய ஊர், எதிரே தாழ்ந்த குன்றின் மேல் இப்லா. இப்லாவின் உள்தெருக்களுக்கு வெளியூர் வண்டிகள் போகக் கூடாது. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையமும் ‘ட்சோனா ஆ த்ராஃபிகோ லிமித்தாத்தோ’ என்ற எழுத்தும் உள்ள பலகை எல்லையைக் காட்டும், கேமரா எண்ணைப் பதிவுசெய்யும். அபராதம் வீட்டுக்கு வரும்போது வாடகை நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேர்ந்திருக்கும். மழையில் பலகை கண்ணில் படாமல் போய்விடும் என்பதால், விடுதி சொன்ன நிறுத்தத்தையே வரைபடத்தில் இலக்காக வையுங்கள், விடுதியின் முகவரியை வைக்காதீர்கள். குன்றின் அடியில் பியாட்சா தெல்லா ரெபூப்ளிக்காவை ஒட்டி வாகன நிறுத்தம் இருக்கிறது. நீலக் கோடு கட்டண இடம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோடு மற்றவர்களுக்கு ஒதுக்கியது.

மேல் ஊரிலிருந்து இறங்கும் பாதை கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. இரண்டாம் கியரில் இறங்குங்கள், பிரேக்கை வளைவுக்கு முன்பே தொடுங்கள். வண்டியை விட்ட பின் நடப்பதிலும் கவனம் வேண்டும். இங்கே தெருக்கல் மூன்று நூற்றாண்டு காலடியில் வழவழப்பாகியிருக்கிறது. நனைந்தால் ரப்பர் அடியுள்ள காலணி மட்டுமே நிற்கும். சந்து முனைகளில் காற்று குடையைப் பிடுங்கும், மழைக்கோட்டு நல்லது. பெரிய பெட்டிகளைக் காரிலேயே விட்டு, ஓர் இரவுக்கு வேண்டியதை மட்டும் முதுகுப்பையில் எடுத்துக்கொண்டு படியேறுங்கள். இந்த முதுகுப்பையை சிராகூசாவிலேயே கட்டிவைத்திருந்தால் மழையில் டிக்கியைத் திறந்து தேட வேண்டியிருக்காது.

போகாமல் இருந்துவிட்டால்

சிவப்பு எச்சரிக்கை வந்து சிராகூசாவிலேயே தங்க நேர்ந்தால், அன்றிரவு தங்கவிருந்த ரகூசா விடுதிக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். எச்சரிக்கையைக் காரணம் காட்டினால் தேதி மாற்றித் தருபவர்கள் நிறைய உண்டு. எச்சரிக்கை தளர்ந்து தெரு நடக்கத்தக்கதாக ஆனதும் ஒர்த்தீஜாவின் பேராலயத்துக்குப் போகலாம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் ஏதெனா கோவிலைச் சுற்றியே அந்த ஆலயத்தை எழுப்பினார்கள். தோரிக் தூண்கள் இன்றும் சுவருக்குள் நிற்பதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஊர்ப் பக்கம் இருக்கும் பாவ்லோ ஒர்சி தொல்லியல் அருங்காட்சியகம் அரை நாளை எளிதாக எடுத்துக்கொள்ளும்.

வானம் வெளுத்த மறுநாள் காலையில் உடனே பறந்துவிடாதீர்கள். சேறும் கற்களும் சாலையிலிருந்து அகற்றப்படுவதற்கு நேரம் ஆகும், ஊறிய சரிவுகள் மழை நின்ற பின்னும் சரியும். எஸ்எஸ் சாலைகளைப் பராமரிக்கும் அனாஸ் நிறுவனத்தின் செயலியில் அடைப்புகளைப் பார்த்துவிட்டு, ரகூசா விடுதிக்காரரிடம் மறுபடி ஒரு முறை கேட்டுவிட்டு, பத்து மணியளவில் புறப்படுங்கள்.